மூன்று நாள் மழை, ஐந்து கத்தி

“பதினேழு வருசம் பட்டாளத்துல இருந்தேன் மாப்ள. கத்திய வச்சு நான் அதிகமாச் சண்டை போட்டது பால் டப்பாகூடத்தான்.”

மாமா இதைச் சொல்லும்போது தோட்டத்து வீட்டுத் திண்ணையில் சாக்கை விரித்து, அதன்மேல் ஐந்து கத்திகளை அடுக்கி வைத்திருந்தேன். ஐப்பசி மழை. போடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பாதி தென்னை, பாதி மா, ஓரத்தில் ஒரு மூங்கில் புதர், வேலிக்கு வெளியே ஊரே சபித்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலம். கத்தி சோதிக்க இது போதும். காட்டுக்குள் போகவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணித் தீ எரிந்ததைப் பார்த்த ஊர்க்காரனுக்கு, அனுமதி இல்லாமல் மேலே ஏறி அடுப்பு மூட்டுகிற ஆசையெல்லாம் வராது.

மாமா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மணிப்பூர், மிசோரம், கொஞ்ச காலம் காஷ்மீர். மிசோரத்தில் வைரெங்டே என்ற ஊரில் ராணுவத்தின் காட்டுப்போர்ப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கேயும் ஒரு தடவை போய் வந்திருக்கிறார். “இதெல்லாம் சர்வைவல் கத்தி மாமா, ஆபத்துல பொழைக்கறதுக்கு” என்று நான் விளக்க ஆரம்பித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

“யாரு பொழைக்க? நீயா, கத்தியா?”

சும்மா நக்கலுக்குக் கேட்டார். ஆனால் அடுத்த மூன்று நாளும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் யூடியூபில் நான் பல வருடமாகப் பார்த்து வந்த கத்திச் சோதனைகளில் பெரும்பாலானவை கத்தி பிழைக்குமா என்று பார்ப்பவைதான். கான்கிரீட் கல்லில் குத்துகிறார்கள், கார் கதவைக் கிழிக்கிறார்கள், கடைசியில் வைஸில் மாட்டி இரும்புக் குழாயைச் சொருகி வளைக்கிறார்கள். கடைசி வரை ஒடியாத கத்திக்கு ஐந்து நட்சத்திரம். அரை அங்குலத் தடிமனில் கடப்பாரைக்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தால் அதுவும் தேறிவிடும். அதை வைத்து ஒரு தக்காளியை நறுக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை.

வளைத்துப் பார்ப்பதிலும் ஒழுங்கான சோதனை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் கொல்லர்களுக்கென்று 1976-இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது, அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி. அங்கே தகுதிப் பட்டம் வாங்க வேண்டுமானால் தன் கையால் அடித்த ஒரே கத்தியால் வரிசையாக நாலு காரியம் செய்து காட்ட வேண்டும். தொங்கவிட்ட ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். இரண்டுக்கு நாலு மரச்சட்டத்தை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகு அதே கத்தி, தீட்டாமல், கை முடியைச் சிரைக்க வேண்டும். கடைசியில் வைஸில் மாட்டி 90 பாகை வளைத்தால் ஒடியக்கூடாது. இதில் எனக்குப் பிடித்தது அந்த மூன்றாவது. மரம் வெட்டின பிறகும் முடி சிரைக்கிறதா என்பதில்தான் பதம் தெரியும். வளைப்பது கொல்லருக்கு வைக்கிற பரீட்சை. கத்தி அதோடு முடிந்துபோகிறது.

சரி, திண்ணைக்கு வருவோம்.

முதலாவது, ஸ்வீடனின் மோரா கம்பானியன். நாலு அங்குல அலகு, மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன், ரப்பர் மாதிரிப் பிடி, பிளாஸ்டிக் உறை. மோரா என்ற ஊரில் 1891-இலிருந்து இந்தக் கம்பெனியின் கத்தித் தொழில் நடக்கிறது. இதன் காம்பு, அதாவது பிடிக்குள் போகும் இரும்பு, பிடியின் கடைசி வரை போகாது. காம்பு முழுசாக இல்லாத கத்தியைத் தொடவே கூடாது என்று சத்தியம் செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது கா-பார். அமெரிக்க மரீன் படைக்கு 1942-இல் எடுத்துக்கொள்ளப்பட்ட கத்தி. ஏழு அங்குலம், தோல் வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோர்த்து அழுத்திச் செய்த பிடி. கரடியைக் கொன்ற வேட்டைக்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தில் ‘கா’, ‘பார்’ என்ற எழுத்துகள் மட்டும் புரிந்ததால் இந்தப் பெயர் வந்தது என்று கம்பெனி ஒரு கதை சொல்லும். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. சிகாகோவில் இருக்கும் மச்சான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தது.

மூன்றாவது, மாமாவின் குக்ரி. கூர்க்கா நண்பர் ஒருவர் அவருக்குக் கொடுத்தது. நாலாவது, ஊர்க் கொல்லர் லாரிப் பட்டாவில் அடித்துக் கொடுத்த வெட்டருவா. ஐந்தாவது எங்கே வாங்கினேன், என்ன பெயர் என்று சொல்லமாட்டேன். ஆன்லைன். எட்டு அங்குல அலகு, முதுகில் ரம்பப் பல், உள்ளே கூடாக இருக்கும் பிடி, அதற்குள் தூண்டில் முள், நூல், நாலு தீக்குச்சி, மூடியில் திசைகாட்டி. 1982-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் ராம்போ வைத்திருந்தானே, அந்தச் சாயல். படத்துக்கு அந்தக் கத்தியைச் செய்தவர் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜிம்மி லைல் என்ற கைதேர்ந்த கொல்லர். அதற்குப் பிறகு உலகமெங்கும் வந்த நகல்களுக்கு அவர் பொறுப்பில்லை. என்னுடையதில் இருந்த திசைகாட்டிக்கு ஒரு விசேஷம் உண்டு. எந்தப் பக்கம் திருப்பினாலும் முள் கத்தியின் இரும்பையே காட்டும்.

முதல் நாள் கயிறு. கத்தியின் வாய் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க ஷெஃபீல்டில் காட்ரா என்ற ஆய்வு நிறுவனம் ஒரு இயந்திரம் வைத்திருக்கிறது. மணற்சத்தான சிலிகா 5 சதவீதம் கலந்த அட்டைக் கட்டையை, 50 நியூட்டன் அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய ஐந்து கிலோ எடை அழுத்துவதுபோல, கத்தியின்மேல் அழுத்தி 60 தடவை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். எத்தனை மில்லிமீட்டர் அட்டை வெட்டுப்பட்டது என்று கூட்டிப் பார்த்தால் கணக்கு முடிந்தது. என்னிடம் அந்த இயந்திரம் இல்லை, ஆனால் வாய்க்கால் மண்ணில் புரண்ட தேங்காய் நார்க்கயிறு இருக்கிறது. வேலை அதேதான். நாருக்குள் ஒட்டிய மணல்தான் வாயைத் தின்கிறது. கயிறு வெட்டிக் கத்தி மழுங்கியது என்று நாம் சொல்வதில் பாதி, மணலை வெட்டி மழுங்கியதுதான்.

மோரா 140 வெட்டைத் தாண்டியது. கா-பார் 110-க்குப் பக்கத்தில் வழுக்க ஆரம்பித்தது. ராம்போ 30-இல் உட்கார்ந்துவிட்டது. இதை யாரும் அறிவியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு முழம் கயிற்றில் இருக்கிற மணல் அடுத்த முழத்தில் இருக்காது. ஆனால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மெல்லிய கத்தி மழுங்கின பிறகும் வெட்டுகிறது. தடித்த கத்தி, கூராக இருக்கும்போதே, கயிற்றை விலக்கிக்கொண்டு போகச் சிரமப்படுகிறது. கடினமான இரும்பு, மேலான இரும்பு என்று பேசுகிற அளவுக்கு நாம் தடிமனைப் பற்றிப் பேசுவதில்லை.

மாமா பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து போய்க் கருவேல முள் வெட்டி வந்தார். வெட்டருவாவை அவர் கேட்கக்கூட இல்லை, போகிற போக்கில் எடுத்துக்கொண்டார்.

அதைப் போய்ப் பார்த்தேன். நல்லவேளை பார்த்தேன். சீமைக் கருவேலத்தை வெட்டுவது பெரிய காரியமில்லை. வெட்டின கிளையை என்ன செய்வது என்பதுதான் காரியம். கிளை பக்கத்துக் கிளைகளோடு முள் கோர்த்துக்கொண்டு தொங்கும், கீழே விழாது. கையை உள்ளே விட்டால் மூன்று நாளைக்கு வீங்கும். மாமா ஒரு வெட்டு வெட்டிவிட்டு, அருவாவின் வளைந்த மூக்கைக் கிளையில் கொக்கியாகப் போட்டுத் தன் பக்கம் இழுத்தார். கிளை முழுசாக வெளியே வந்து அவர் காலுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. காலால் மிதித்துக்கொண்டு அடுத்த வெட்டு. அரை மணி நேரத்தில் ஆள் நுழைகிற அளவுக்கு வழி. கை ஒரு முள்ளைத் தொடவில்லை. கா-பாரை எடுத்துக்கொண்டு நான் அதே வேலையைச் செய்யப் போனேன். வெட்டியது, சந்தேகமில்லை. ஆனால் ஏழு அங்குலக் கத்தியால் வெட்ட வேண்டுமென்றால் கை முள்ளுக்கு ஏழு அங்குலம் பக்கத்தில் போக வேண்டும். இதற்குமேல் எழுதத் தேவையில்லை. இடது முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. இதில் கத்திமேல் குற்றமில்லை. பசிபிக் தீவுகளில் இறங்கின மரீன்களுக்கு மண்ணைக் கிளறவும், டப்பா திறக்கவும், பெட்டி நெம்பவும், தேவைப்பட்டால் ஆளைக் குத்தவும் ஒரே இரும்பாகச் செய்தது அது. சீமைக் கருவேலத்தை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

எதற்குச் செய்தார்கள் என்று கேட்காமல் சோதிப்பதில் இன்னொரு கூத்து நடக்கும். அமெரிக்க விமானப்படை பைலட்டுகளுக்குக் கொடுத்த ஐந்து அங்குலக் கத்தியின் முதுகில் ரம்பப் பல் உண்டு. அதை மரத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டு “ரம்பம் தண்டம்” என்று எழுதுகிறவர்களை நிறையப் படித்திருக்கிறேன். அது மரத்துக்கு வைத்த பல்லே இல்லை. விழுந்த விமானத்துக்குள் மாட்டிக்கொண்டால் அலுமினியத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதற்கு வைத்தது. அப்படிப் பார்த்தால் அது நல்ல பல்.

இதற்கு நேர் எதிர், இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குக் கொடுத்த ஃபேர்பேர்ன்–சைக்ஸ் குத்துவாள். ஷாங்காய் போலீஸில் வேலை பார்த்த இரண்டு பேர் யோசித்ததை, வில்கின்சன் கம்பெனி 1941-இல் செய்ய ஆரம்பித்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஒரே காரியத்துக்கானது, ஆளைக் குத்துவதற்கு. சிப்பாய் கையில் ஒரு இரும்பைக் கொடுத்துவிட்டு இதை டப்பாவுக்குப் பயன்படுத்தாதே என்றால் கேட்பானா? நெம்பினான், முனை ஒடிந்தது. மாமாவின் பால் டப்பா ஜோக் அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறது போல.

பிறகு வந்த படைகள் இதைப் புரிந்துகொண்டன என்று நினைக்கிறேன். ரஷ்யர்களின் ஏகேஎம் துப்பாக்கி பயனெட்டைப் பாருங்கள். அலகில் ஒரு ஓட்டை, உறையின் நுனியில் ஒரு குமிழ். இரண்டையும் கோர்த்தால் முள்கம்பி வெட்டுகிற கத்தரியாகிவிடும். 1980-களில் அமெரிக்கா எம்9 பயனெட்டைக் கொண்டுவந்தபோது இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டது. குத்துவதற்கென்று பெயர் வைத்த பொருளைக் கம்பி வெட்டத் திருத்திக்கொண்டே போகிறார்கள்.

இரண்டாம் நாள் இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. காலையில் நெருப்பு மூட்டுகிற சோதனை.

கத்திக்காரர்களின் பெரிய சண்டையே இங்கேதான். கத்தியை விறகின் தலையில் வைத்து, முதுகில் ஒரு கட்டையால் அடித்துப் பிளக்கலாமா கூடாதா? கூடாது என்பவர்கள் கோடாரி எதற்கு இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயம்தான், கோடாரி கையில் இருந்தால். நனைந்த விறகின் வெளிப்பக்கம் எரியாது, உள்வயிறு காய்ந்திருக்கும். பிளந்தால்தான் அது கிடைக்கும். குளிர்நாட்டில் இதுதான் உயிர் காக்கும். கனடாவில் காட்டுவாழ்க்கை கற்றுக்கொடுத்த மோர்ஸ் கோச்சான்ஸ்கி இதையெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் பலப் பரீட்சை ஒன்று உண்டு. நிற்கிற மரத்தில் கத்தி முனையை நாலு சென்டிமீட்டர் அடித்து இறக்கிவிட்டு, அதன் பிடியில் ஏறி நின்றால் தாங்க வேண்டும். என் எடை 84 கிலோ. செத்த மாமரம் ஒன்றில் கா-பாரை இறக்கிவிட்டு மாமாவைப் பார்த்தேன்.

“மரத்துல ஏறணும்னா ஏணி வச்சு ஏறு மாப்ள.”

ஏறவில்லை. கத்தியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி எடுத்தேன்.

பிளப்பதை மட்டும் எல்லாக் கத்தியிலும் செய்தோம். மணிக்கட்டுத் தடிமன் கருவேல விறகு. கா-பார் அலட்டிக்கொள்ளாமல் இறங்கியது. மோராவைக் கொஞ்சம் பயத்தோடுதான் அடித்தேன். கணு இல்லாத விறகில் அதுவும் பிளந்தது. கணு இருந்த இடத்தில் நானே நிறுத்திக்கொண்டேன், மெல்லிய கத்தியிடம் அதைக் கேட்பது அநியாயம். ராம்போவின் முறை வந்தது. ஐந்தாவது அடி என்று நினைக்கிறேன். ‘டங்’ என்ற சத்தம் மாறி ‘டக்’ என்று கேட்டது. கையில் பிடி மட்டும் இருந்தது, விறகில் அலகு குத்திட்டு நின்றது. தீக்குச்சிகளும் தூண்டில் முள்ளும் ஈர மண்ணில் சிதறின. பிடியைத் திருப்பிப் பார்த்தேன். அலகை ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இரும்புத் தண்டால், ஒரே ஒரு நட்டு போட்டு, கூடான பிடியோடு முடுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு நாளும் நான் அந்த ஒரு நட்டை நம்பித்தான் பெருமையாக இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அடித்த கட்டை கொஞ்சம் சாய்ந்திருந்தால் அலகு என் தொடைப் பக்கம் வந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கூடு வைத்த பிடி எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. அலகையும் பிடியையும் ஒரே இரும்பில் குடைந்து செய்தவர்கள் இருக்கிறார்கள். அந்த விலைக்கு நான் ஒரு பசுமாடு வாங்கிவிடுவேன்.

நான் சீவிய குச்சிகளை வைத்துக்கொண்டு, ஒடிந்த ஹேக்ஸா பிளேடால் நெருப்புக் கம்பியை உரசிப் பொறி விட்டுக்கொண்டிருந்தேன். மாமா தென்னை மரத்தடிக்குப் போனார். மட்டைக்கு அடியில் மழை படாமல் ஒதுங்கியிருந்த பன்னாடையை இழுத்தார், கைக்குள் கசக்கினார், என் பொறிக்குக் கீழே வைத்தார். இரண்டாவது பொறியில் பற்றிக்கொண்டது. மேலே காய்ந்த பாளை, அதற்கு மேல் இரண்டு சிரட்டை. ஐந்து நிமிடத்தில் கட்டங்காப்பி. பிளந்த விறகு ஒன்றுகூட அடுப்புக்குப் போகவில்லை. தென்னை இல்லாத கனடாவில் அவர்கள் பிளந்துதான் ஆக வேண்டும். தென்னந்தோப்பில் நின்றுகொண்டு நான் ஏன் பிளந்தேன் என்று கேட்டால், வீடியோவில் பார்த்தேன் என்பதைத் தவிர பதில் இல்லை.

மத்தியானம் கைக்குச் சோதனை. கத்தி எல்லாம் கூராக இருக்க, கை காய்ந்திருக்க, ஆள் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறபோது சோதித்து என்ன பயன்? கையில் நல்லெண்ணெயும் சேறும் பூசிக்கொண்டு ஒவ்வொரு கத்தியாலும் மூங்கிலில் ஒரு காடி வெட்டிப் பார்த்தேன். காரணம் இருக்கிறது. போன வருடம் ஆடு உரிக்கும்போது கொழுப்புப் பட்ட கை, தடுப்பு இல்லாத ஒரு கத்தியில் வழுக்கி வாய்க்குப் போய்விட்டது. நாலு தையல். அன்றைக்கு அந்தக் கத்தியின் இரும்பு எந்த ரகம் என்று நான் யோசிக்கவே இல்லை.

மோராவின் ரப்பர் பிடி எண்ணெயிலும் ஒட்டிக்கொண்டது. கா-பாரின் தோல் பிடி நனைந்து கொஞ்சம் கொழகொழத்தாலும் முன்னால் இருக்கிற இரும்புத் தடுப்பு விரலைப் போகவிடாது. குக்ரியின் பிடி நடுவில் ஒரு வளையம் மாதிரி புடைத்திருக்கும். அது ஏன் என்று அன்றைக்குத்தான் கைக்குப் புரிந்தது. வெட்டருவாவின் பிடி மழமழவென்று வழுக்கியது. மாமா ஒரு சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கொடுத்தார், விஷயம் முடிந்தது.

குக்ரியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மூங்கிலில் அதற்கும் அருவாவுக்கும்தான் போட்டி. எடை முழுவதும் முன்பக்கம் வயிற்றில் இருப்பதால் கை சும்மா விழுந்தாலே வெட்டு இறங்குகிறது. தொடை எலும்பு மாதிரி இருக்கிற மூங்கிலைச் சாய்வாக இரண்டு வெட்டில் எடுத்தது. ஆனால் என்னைக் கவர்ந்தது அதன் உறை. பெரிய கத்திக்குப் பின்னால் இரண்டு குட்டிகள் சொருகியிருக்கும். கர்தா என்பது சின்ன வேலைக்கான குட்டிக் கத்தி. சக்மக் என்பது கூரில்லாதது, வாயைச் சரிசெய்யவும் சிக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டவும். இவ்வளவு பெரிய கத்தியால் சின்ன வேலை ஆகாது என்று நேபாளத்துக் காமிகள், அதாவது அங்கத்திய கொல்லர்கள், எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நம் பனையேறிகளும் அப்படித்தான். மட்டை கழிக்க ஒரு அருவா, பாளை சீவ இன்னொன்று. பாளை அருவாளை வேறு எதற்கும் தொடவிடமாட்டார்கள். எல்லா வேலைக்கும் ஒரே கத்தி என்கிற எண்ணம் வெட்டிப் பிழைக்கிறவர்களிடம் இல்லை. அது விற்கிறவர்கள் பக்கம் இருந்து வந்தது என்பது என் சந்தேகம்.

சண்டை விமான பைலட்டுக்கு வேறு வழியில்லை, அவன் உடம்போடு ஒன்றுதான் வரும். அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்வீடன் விமானப்படை 1995-இலிருந்து பைலட்டுகளுக்குக் கொடுக்கும் ஃபால்க்நிவன் எஃப்1 கத்தியின் அலகு 97 மில்லிமீட்டர். நாலு அங்குலம்கூட இல்லை. ஆனால் தடிமன் நாலரை மில்லிமீட்டர், காம்பு பிடியின் பின்பக்கம் வரை போகும். நீளத்தைக் குறைத்துக் காம்பைக் கூட்டினார்கள். ராம்போ செய்தவர்கள் நேர்மாறாகச் செய்தார்கள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது மழை ஓய்ந்திருந்தது. உறைகளைத் திறந்து பார்த்தேன். இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை, ஏனென்றால் வீடியோவில் காட்ட ஒன்றும் இல்லை. தோல் உறை இரண்டு நாள் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. அதற்குள் இருந்த கரி இரும்புக் கத்தியில் பழுப்பு நிறத்தில் துரு. எந்தக் கரி இரும்பும் அப்படித்தான் செய்யும், எண்ணெய் போடாதது என் தப்பு. பிளாஸ்டிக் உறையின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, தண்ணீர் வடிந்துவிட்டது. இன்னொன்றும் பார்த்தேன். உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குதித்தேன். காட்டில் தொலைகிற கத்திதான் ஒடிகிற கத்தியைவிட அதிகம் என்று மாமா அடித்துச் சொல்கிறார். அவருடைய கம்பெனியில் கத்தியைத் தொலைத்தவன் ஸ்டோரில் பதில் சொல்லி முடிப்பதற்குள் லீவே முடிந்துவிடுமாம்.

பிறகு தீட்டினோம். கொட்டக்குடி ஆற்றில் எடுத்த வழுவழுப்பான கல், தண்ணீர், வேறு ஒன்றும் கிடையாது. மோராவின் வாய்ச்சரிவு அகலமானது. அந்தச் சரிவையே கல்லில் படுக்கவைத்தால் கோணம் தானாக அமைகிறது. பத்து நிமிடத்தில் செய்தித்தாளைச் சீவியது. வெட்டருவாவும் சீக்கிரம் கூரேறியது. லாரிப் பட்டாவில் கரிமம் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கா-பாரின் 1095 இரும்பில் 0.95 சதவீதம், பெயரின் கடைசி இரண்டு எண்ணே அதுதான். கரிமம் ஏற ஏறக் கூர் நிற்கும், கல்லுக்கும் எளிதில் மசியாது. கூர் ரொம்ப நாள் நிற்கிற இரும்பு வேண்டுமா, கிடைத்த கல்லில் தீட்டக்கூடிய இரும்பு வேண்டுமா? வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது முதல் வகை பிடிக்கும். ஆற்றங்கரையில் குந்தி உட்கார்ந்திருக்கும்போது இரண்டாவது வகைதான். பனையேறிகள் கல்கூடத் தேடுவதில்லை, மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவித் தீட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள்.

மழுங்கின கத்தி என்றதும் ஆரோன் ரால்ஸ்டன் ஞாபகம் வருகிறது. 2003-இல் யூட்டா பள்ளத்தாக்கில் பாறை இடுக்கில் கை மாட்டி ஐந்து நாளுக்கு மேல் கிடந்தவர். அவரிடம் இருந்தது ஒரு மலிவான மடக்குக் கருவி. பாறையைச் செதுக்கிச் செதுக்கி வாய் போய்விட்டது. கடைசியில் அதே மொன்னைக் கத்தியால் தன் கையை வெட்டிக்கொண்டு பிழைத்தார். எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு சோதனை செய்ததில்லை. அவர் கையில் அன்றைக்கு இருந்தது அது ஒன்றுதான், அவ்வளவே.

நடுவில் ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதக் கணக்கில் வரும், குக்ரியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு செக்போஸ்டில் நின்றுகொண்டு அருவாவின் விவசாயப் பயன்களை விளக்குவது அவ்வளவு சுகமான அனுபவமாக இருக்காது.

ஒடிந்த ராம்போவைக் கொல்லரிடம் கொண்டுபோனேன். பட்டறையில் அன்றைக்கு அருவா துவைச்சல் நடந்துகொண்டிருந்தது. சிவக்கக் காய்ச்சின அருவாவின் வாயை மட்டும் தண்ணீரில் நனைத்து எடுத்தார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெதுவாக வாய்க்கு இறங்கும்போது இரும்பின் நிறம் மாறும். வைக்கோல் நிறம் வாய்க்கு வந்ததும் திரும்ப முக்கினார். நீலம் வரை விட்டால் மென்மையாகிவிடும், அதற்கு முன்னால் நிறுத்தினால் பல் விழும். ஏறக்குறைய 230 டிகிரி செல்சியஸ் சூட்டை அவர் கண்ணாலேயே அளக்கிறார். குக்ரி அடிக்கிறவர்களும் கெண்டியிலிருந்து வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றிக் கடினப்படுத்துவார்கள். முதுகு வளையும், வாய் தாங்கும்.

என் கத்தி அலகைச் சாணைச் சக்கரத்தில் ஒரு நொடி தொட்டுப் பொறியைப் பார்த்தார். பூ விரியவில்லை. நாலு சோம்பேறிப் பொறிதான் வந்தது.

“இத அடிச்சா வராதுங்க தம்பி. காம்பும் ஒரு இஞ்சுக்கு இல்ல. எதுல நிக்கும்?”

“வேற எதுக்காவது ஆகுமாண்ணே?”

கொஞ்ச நேரம் யோசித்தார். ரம்பப் பல்லை மழுங்க அரைத்தார், அலகில் பாதியை வெட்டிக் கழித்து அடிப்பக்கத்தைக் காம்பாக ஒதுக்கினார். மாங்கட்டையில் ஓட்டை போட்டு, அரக்கை உருக்கி ஊற்றிச் சொருகி, பித்தளைப் பூண் மாட்டினார். நூற்றைம்பது ரூபாய். இப்போது அது எங்கள் அடுப்படியில் இருக்கிறது. முருங்கைக்காய் நறுக்க வாகாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். மோராவை மாமா பாக்கு சீவ எடுத்துக்கொண்டு போனார், தீபாவளிக்கு வந்தபோது கேட்டேன், காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.